அணையாத சிவப்பு விளக்கு: ஒரு பல்பு சொல்லும் பைக் வரலாறு

பைக் சாவியைத் திருப்பினதும் மீட்டர்ல ரெண்டு மூணு லைட் எரியும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சிடும். தினமும் நடக்குற விஷயம், அதனால யாரும் கவனிக்கிறதில்லை. ஒருநாள் அதுல ஒண்ணு அணையாம அப்படியே நின்னா மட்டும்தான் நம்ம கண்ணு அங்கே போகும். அப்போ மனசுல முதல்ல வர்ற கேள்வி "என்ன கோளாறு?" கூட இல்லை. "எவ்வளவு செலவாகும்?"

இன்னைக்கு எபிசோடு அந்தக் கேள்வியோட வரலாறுதான். பைக்ல இருக்குற எலெக்ட்ரிக்கல் வார்னிங் லைட் எங்கிருந்து வந்தது, அது உண்மையில என்ன சொல்லுது, அதைச் சரியா படிக்கத் தெரிஞ்சா ஏன் செலவு குறையுதுன்னு பார்க்கப்போறோம். 1930-களின் அமெரிக்காவுல ஆரம்பிச்சு, 1969-ல் பெர்லின் போய், அங்கிருந்து நம்ம திருவொற்றியூர் வந்து, 2020-ல் முடிக்கலாம்.

ஒரே ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். அந்தப் பழைய சிவப்பு விளக்கு "இந்த பார்ட் போச்சு"ன்னு என்னைக்கும் சொன்னதில்லை. அது சொன்னது வேற. என்னன்னு புரிஞ்சவங்க ஒரு பல்பு காசுல வேலையை முடிச்சாங்க. புரியாதவங்க டைனமோவையே மாத்தினாங்க.

விளக்குக்கு முன்னாடி ஒரு முள்

மோட்டார் வண்டிகளுக்கு பேட்டரியும் டைனமோவும் வந்த காலத்துல, ஓட்டுறவருக்கு ஒரு கவலை இருந்தது. டைனமோ கரண்ட் கொடுக்குதா, இல்லை பேட்டரி மட்டும் காலியாகிட்டே இருக்கான்னு எப்படித் தெரியும்? அதுக்குக் கிடைச்ச விடைதான் அம்மீட்டர். நடுவுல பூஜ்யம். முள் வலது பக்கம் சாஞ்சா பேட்டரிக்குள்ள கரண்ட் போகுது. இடது பக்கம் சாஞ்சா பேட்டரியிலிருந்து வெளியே போகுது. வீட்டுக் கணக்கு மாதிரிதான், வரவும் செலவும்.

நல்ல கருவி. ஆனா விலை அதிகம். அதைவிட, ஓட்டுறவர் அதை அடிக்கடி பார்க்கணும், பார்த்தா புரியணும். 1930-களில் அமெரிக்காவோட ஹட்சன் கார் கம்பெனி, ஆயில் பிரஷருக்கும் டைனமோவுக்கும் முள்ளை எடுத்துட்டு சின்ன விளக்கு வெச்சது. பிரச்சனைன்னா எரியும், இல்லைன்னா எரியாது. முள்ளைப் பார்த்துப் பழகினவங்களுக்கு இது பிடிக்கலை. "முட்டாள்களுக்கான விளக்கு"ன்னு கேலியா பேர் வெச்சாங்க. ஆங்கிலத்துல அந்தப் பேர் இன்னைக்கும் இருக்கு.

ஆனா அந்த விளக்கு மாட்டப்பட்ட விதம் ரொம்ப புத்திசாலித்தனமானது. ஒரு சின்ன பல்பு. அதோட ஒரு முனை சாவி வழியா பேட்டரிக்குப் போகுது. இன்னொரு முனை டைனமோவுக்குப் போகுது. அவ்வளவுதான்.

மாடியில பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தண்ணி டாங்க் இருக்குன்னு வெச்சுக்கோங்க. நடுவுல ஒரு சின்ன பைப். ஒரு டாங்க் நிறைஞ்சிருக்கு, இன்னொண்ணு காலின்னா, பைப்புல தண்ணி ஓடும். ரெண்டுலயும் ஒரே மட்டம்னா ஓடாது. அந்த பைப்தான் நம்ம பல்பு. இன்ஜின் நிக்கும்போது பேட்டரி பக்கம் வோல்டேஜ் இருக்கு, டைனமோ பக்கம் இல்லை. அதனால கரண்ட் ஓடுது, விளக்கு எரியுது. இன்ஜின் ஓடினதும் டைனமோவும் அதே மட்டத்துக்கு வந்துடுது. கரண்ட் ஓட வழியில்லை, விளக்கு அணையுது.

ஆக, விளக்கை யாரும் சுவிட்ச் போட்டு அணைக்கலை. ரெண்டு பக்கமும் சமமானதால அதுவா அணையுது. சிவப்பு விளக்கு எரிஞ்சா அதுக்கு ஒரே அர்த்தம்தான்: ரெண்டு பக்கமும் சமமா இல்லை. ஏன் சமமா இல்லைங்கிறதை நாமதான் கண்டுபிடிக்கணும்.

1969, பெர்லின்

பைக் வரலாற்றுல இந்தச் சின்ன விளக்குக்கு ஒரு பெரிய பொறுப்பு வந்த வருஷம் 1969. அந்த வருஷம் பிஎம்டபிள்யூ தன்னோட பைக் தயாரிப்பை பெர்லின்ல இருக்குற ஸ்பாண்டாவுக்கு மாத்திடுச்சு. அங்கே வந்த புது வரிசைதான் ஆர் 50/5, ஆர் 60/5, ஆர் 75/5. ரெண்டு பக்கமும் சிலிண்டர் நீட்டிட்டு இருக்குமே, அந்த பாக்ஸர் இன்ஜின் வண்டிகள்.

இதுக்கு முன்னாடி வந்த ஆர் 60/2 மாதிரி வண்டிகள்ல 6 வோல்ட் பேட்டரி, 60 வாட் டைனமோ. ஆனா பிளக்குக்கு வேண்டிய தீப்பொறி பேட்டரியிலிருந்து வரலை. அதுக்குத் தனியா மேக்னெட்டோ இருந்தது. இதனால என்ன ஆச்சுன்னா, பேட்டரி செத்துப்போனாலும் இன்ஜின் ஓடும். ஹெட்லைட் மங்கும், ஹாரன் அடிக்காது, ஆனா வீடு வந்து சேரலாம்.

/5 வரிசையில எல்லாமே மாறிச்சு. 12 வோல்ட். 180 வாட் ஆல்டர்னேட்டர். பெரிய மாடல்கள்ல எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர். தீப்பொறிக்கு பேட்டரி, காயில், பாயிண்ட். வசதி கூடிச்சு, ஆனா எல்லாமே பேட்டரியை நம்பி நின்னுச்சு. பேட்டரி இறங்கினா தீப்பொறியும் இல்லை, வண்டியும் நின்னுடும். ராத்திரி நடு ஹைவேயில நிக்கிறதா, அதுக்கு அம்பது கிலோமீட்டர் முன்னாடியே தெரிஞ்சு ஒரு ஊர்ல நிறுத்துறதான்னு தீர்மானிக்கிற ஒரே ஆள் அந்த சிவப்பு விளக்குதான்.

இங்கேதான் கதையில ஒரு திருப்பம். அந்தப் புது ஆல்டர்னேட்டர்ல நிரந்தர காந்தம் கிடையாது. உள்ளே சுத்துற ரோட்டார் ஒரு கம்பிச் சுருள். அதுல கொஞ்சம் கரண்ட் கொடுத்தாத்தான் அது காந்தமாகும். காந்தமானாத்தான் கரண்ட் உற்பத்தியாகும். சாவி திருப்பினதும் அந்த முதல் சொட்டு கரண்ட் எந்த வழியா ரோட்டாருக்குப் போகுதுன்னா, அந்த சிவப்பு பல்பு வழியா!

வழி இதுதான். சாவியிலிருந்து பல்பு, பல்பிலிருந்து டி ப்ளஸ்னு சொல்ற முனை, அங்கிருந்து ரெகுலேட்டர், ரெகுலேட்டர்லிருந்து கார்பன் பிரஷ், பிரஷ்லிருந்து ரோட்டார், கடைசியா எர்த். எல்லாம் ஒரே வரிசை. மூணு நாலு வாட் பல்பு எரியும்போது அது வழியா போற கரண்ட், தூங்குற ஆல்டர்னேட்டரை எழுப்பி விடுது. எழுந்ததும் ஆல்டர்னேட்டர் தன் சொந்தக் கரண்ட்லயே ரோட்டாரை நடத்திக்கும். டி ப்ளஸ் முனையிலும் வோல்டேஜ் ஏறும், ரெண்டு பக்கமும் சமமாகும், விளக்கு அணையும்.

அப்போ பல்பு ஃபியூஸ் ஆனா? பெரும்பாலும் சார்ஜிங்கே ஆரம்பிக்காது. மீட்டர்ல சிவப்பு எதுவும் எரியாது, ஓட்டுறவர் எல்லாம் சரின்னு நினைச்சுப் போயிட்டே இருப்பார். பேட்டரி மெதுவா காலியாகிட்டே இருக்கும். வண்டி நின்னதும் மெக்கானிக் பேட்டரியைக் குறை சொல்வார், புது பேட்டரி வாங்குவாங்க, அதுவும் காலியாகும். அப்புறம் ஆல்டர்னேட்டர் மேல சந்தேகம் வரும். கடைசியில பார்த்தா போனது ஒரு டீ காசு பல்பு.

இந்தக் கதைக்கு இந்தக் காலத்து வடிவம் ஒண்ணும் இருக்கு. பழைய வண்டியை ஆசையா வெச்சிருக்குறவங்க மீட்டர் பல்பை எடுத்துட்டு எல்இடி மாட்டுவாங்க. எல்இடிக்கு ரொம்பக் குறைஞ்ச கரண்ட் போதும். அதுதான் அதோட பெருமை, இங்கே அதுவே பிரச்சனை. அந்தத் துளி கரண்ட் ஆல்டர்னேட்டரை எழுப்பப் போதாது. எல்இடிக்குப் பக்கவழியா ஒரு ரெசிஸ்டர் போடணும், இல்லைன்னா பழைய பல்பையே திரும்ப மாட்டணும்.

மலிவான இடத்துலேருந்து தேடுங்க

இந்த ஒரு வரிசை மனசுல இருந்தா, கோளாறு தேடுறது ஒரு ஒழுங்குக்கு வந்துடும். அந்த வண்டிகளை வெச்சிருக்குறவங்க அரை நூற்றாண்டா பண்றது இதைத்தான்.

முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் போடுங்க. சிவப்பு விளக்கு எரியணும். எரியலைன்னா, நான் சொன்ன அந்த வரிசையில எங்கேயோ அறுந்திருக்கு. பல்பா, ரெகுலேட்டர் பிளக்கா, கார்பனா, ரோட்டாரா? நாலுல எதுன்னு பிரிக்க ஒரு எளிய வழி: ரெகுலேட்டர் பிளக்கைக் கழட்டி, அதுல டி ப்ளஸ் வயரை மட்டும் ஒரு துண்டு வயர் வெச்சு எர்த்ல தொடணும். பிளக் கழண்டிருக்கணும், இன்ஜின் ஓடக்கூடாது, ரெண்டும் முக்கியம். இப்போ விளக்கு எரிஞ்சா பல்பு நல்லா இருக்கு, கோளாறு அதுக்குப் பின்னாடி. எரியலைன்னா பல்பையும் அதோட ஹோல்டரையும் பாருங்க. ஹோல்டர்ல துரு இருந்தா உப்புத்தாள் வெச்சு ரெண்டு தேய்ப்பு தேய்ச்சாலே வந்துடும்.

பல்பு சரின்னா அடுத்தது கார்பன். அது தேயுறதுக்குன்னே செஞ்ச பொருள். ஸ்பிரிங் தள்ளத் தள்ளத் தேஞ்சு, ஒருநாள் ரோட்டாரைத் தொடாம நின்னுடும். அப்பவும் விளக்கு எரியாது. கார்பன் மாத்துறது சின்ன செலவு. அதுவும் சரியா இருந்து, ரோட்டாரோட ரெண்டு வளையத்துக்கு நடுவுல மல்டிமீட்டர்ல தொடர்பே காட்டலைன்னா, அப்போதான் ரோட்டார் போச்சுன்னு சொல்லணும். அது பெரிய செலவு. அதை நாலாவதா யோசிக்கிறோம், முதல்ல இல்லை. ஒரு எச்சரிக்கை: இந்த வண்டிகள்ல இன்ஜின் முன்பக்க மூடியைத் திறக்குறதுக்கு முன்னாடி பேட்டரியோட எர்த் வயரைக் கழட்டிடணும். மூடிக்குப் பின்னாடி இருக்குற டயோடு போர்டுல எப்பவும் கரண்ட் இருக்கும். மூடி உரசினா டயோடு போயிடும். காசு மிச்சம் பண்ணப் போய் காசு விட்ட கதையாகிடும்.

ரெண்டாவது நிலை: சாவி போட்டா எரியுது, இன்ஜின் ஓடினாலும் முழு வெளிச்சத்துல அப்படியே எரியுது. அப்போ வரிசை அறுந்துபோகலை, ஆனா ஆல்டர்னேட்டர் கரண்ட் தரலை. ரோட்டாருக்குள்ள ஷார்ட்டா, ஸ்டேட்டரா, டயோடான்னு பார்க்கணும்.

மூணாவது நிலைதான் நிறைய பேரை ஏமாத்தும். வண்டி ஓடும்போது விளக்கு மங்கலா, கனல் மாதிரி எரியும். ஐடிலிங்ல அப்படி எரிஞ்சு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் அணைஞ்சா அது இந்த வண்டிகள்ல சாதாரணம். வேகத்துலயும் மங்கலா எரிஞ்சா ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல ஒரு சின்ன வித்தியாசம் இருக்குன்னு அர்த்தம். டயோடு பாதி போயிருக்கலாம். இல்லைன்னா ஏதோ ஒரு கனெக்டர் பூத்துப்போயிருக்கும், வயர் முனை லூஸா இருக்கும், எர்த் துருப்பிடிச்சிருக்கும். இதெல்லாம் காசே இல்லாத ரிப்பேர். சுத்தம் பண்ணி இறுக்கணும், அவ்வளவுதான்.

திருவொற்றியூரின் முள்

இப்போ நம்ம ஊருக்கு வரலாம். 1955-ல் இங்கிலாந்தோட ரெட்டிட்ச் ஊர் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. முதல்ல பாகங்களை வரவழைச்சு புல்லட் 350-ஐ இங்கே கோத்தாங்க. பிறகு திருவொற்றியூர்லயே முழுசா தயாரிச்சாங்க. இங்கிலாந்துல 1970-ல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்னுபோச்சு. மெட்ராஸ்ல நிக்கலை.

அதனால ஒரு விசித்திரம் நடந்தது. உலகம் விளக்குக்கு மாறின பிறகும் புல்லட்ல அம்மீட்டர் பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தது. ஹெட்லைட்டுக்கு மேல, ஸ்பீடோமீட்டர் பக்கத்துல அந்தக் குட்டி முள். பழைய புல்லட் ஓட்டின சித்தப்பாவோ தாத்தாவோ உங்க வீட்ல இருந்தா கேட்டுப் பாருங்க. இன்டிகேட்டர் போட்டா முள் துள்ளும், ஹாரன் அடிச்சா இடது பக்கம் சாயும். அவங்க வண்டியோட உடம்பு நிலையை அந்த முள்ளுலதான் படிச்சாங்க.

ஆனா அந்த முள்ளுக்கும் ஒரு பலவீனம். விளக்கு ஒரு ஓரமா நின்னு பார்க்குற ஆள். அம்மீட்டர் அப்படி இல்லை. வரவு செலவை அளக்கணும்னா பேட்டரி கரண்ட் அது வழியாத்தான் போயாகணும். ஒற்றை சிலிண்டர் அதிர்வுல அம்மீட்டர் பின்னாடி இருக்குற நட்டு லூஸானா, மொத்த வண்டிக்கும் கரண்ட் போச்சு. சாவி போட்டா ஒண்ணுமே எரியாது. அனுபவமுள்ள மெக்கானிக் பேட்டரியைத் தொடுறதுக்கு முன்னாடி அம்மீட்டர் பின்னாடி கை விட்டுப் பார்ப்பார். ரெண்டு நட்டை இறுக்கினா வண்டி உயிரோட வந்துடும்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளோட எலெக்ட்ரிக்கல் பாகங்கள்ல பெரும்பகுதி பர்மிங்ஹாமோட லூகாஸ் கம்பெனியுடையது. சைக்கிள் விளக்கு செஞ்சு வளர்ந்த கம்பெனி அது. அந்த விளக்கோட பேர் "சாலையின் ராஜா". பிற்காலத்துல பிரிட்டிஷ் வண்டிக்காரங்க அதையே கிண்டலா "இருட்டின் இளவரசர்"னு மாத்திட்டாங்க. அதே லூகாஸ் டிவிஎஸ்ஸோட சேர்ந்து 1961-ல் சென்னை பாடியில லூகாஸ்-டிவிஎஸ் ஆனது. பாடி பக்கம் பஸ்ல போறவங்க "லூகாஸ்"னு சொல்லித்தான் இறங்குவாங்க. ஒரு ஊரோட ஸ்டாப்பிங் பேராவே ஆயிடுச்சு.

நம்ம ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடைகள்ல அந்தக் காலத்துலேருந்து இருக்குற ஒரு கருவியைச் சொல்லணும். ஒரு பல்பு ஹோல்டர், ரெண்டு வயர், ஒரு முனையில கிளிப். டெஸ்ட் லாம்ப். கிளிப்பை எர்த்ல மாட்டி, மறுமுனையால ஒவ்வொரு இடமா தொட்டுப் பார்ப்பாங்க. எரிஞ்சா இங்கே வரை கரண்ட் வருது. எரியலைன்னா முன்ன தொட்ட இடத்துக்கும் இதுக்கும் நடுவுலதான் கோளாறு. யோசிச்சுப் பாருங்க, மீட்டர்ல இருக்குற சிவப்பு விளக்கும் இதேதான். ரெண்டு இடத்துக்கு நடுவுல ஒரு பல்பு.

மஞ்சள் விளக்கு

2020 ஏப்ரல் 1-லிருந்து இந்தியாவுல பிஎஸ்6 விதி. பெரும்பாலான பைக்குகள்ல கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. கூடவே மீட்டர்ல இன்ஜின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கும் வந்தது. இதோட பூர்வீகம் கலிஃபோர்னியா. காற்று மாசைக் குறைக்க, கார் தன்னோட கோளாறைத் தானே கண்டுபிடிச்சுச் சொல்லணும்னு அங்கே 1988 மாடல் கார்கள்லேருந்து விதி வந்தது. 1996-ல் அது அமெரிக்கா முழுக்க ஒரே மாதிரியான ஓபிடி-2 ஆனது.

இந்த மஞ்சள் விளக்கு பழைய சிவப்போட தம்பி இல்லை. இதை எரியவிடுறது ஒரு கம்ப்யூட்டர். சென்சார்கள்லேருந்து வர்ற எண்ணைப் பார்த்து, சரியில்லைன்னா ஒரு கோட் எழுதி வெச்சுட்டு விளக்கைப் போடும். பல்பைப் பார்த்து காரணத்தை யூகிக்க முடியாது, கோடைப் படிக்கணும். சில வண்டிகள்ல அதை விளக்கே சிமிட்டிச் சொல்லும். ஹோண்டா முறையில நீளமா ஒரு சிமிட்டல்னா பத்து, குட்டியா ஒண்ணுன்னா ஒண்ணு. கூட்டினா கோட் நம்பர். மத்ததுக்கெல்லாம் ஸ்கேனர் வேணும்.

இங்கே ஒரு உண்மையான இழப்பு இருக்கு. தெருமுனை மெக்கானிக் கையில இருந்த அறிவு, விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு டப்பாவுக்குள்ள போயிடுச்சு. ஸ்கேனர் இல்லாதவர் "கம்பெனிக்கே எடுத்துட்டுப் போங்க"ன்னு சொல்ற நிலைமை. ரிப்பேர் பண்ணும் உரிமை பத்தி ஆராய 2022 ஜூலையில மத்திய அரசு ஒரு குழு அமைச்சப்போ, போன், விவசாயக் கருவிகளோட வாகனங்களையும் அந்தப் பட்டியல்ல சேர்த்ததுக்குக் காரணம் இந்தக் கவலைதான்.

ஆனா கோட் வந்ததாலேயே பழைய பாடம் காலாவதி ஆகிடலை. கோடும் பார்ட் போச்சுன்னு சொல்றதில்லை. "இந்த சென்சார்லேருந்து வர்ற சிக்னல் சரியில்லை"ன்னு மட்டும்தான் சொல்லுது. சென்சார் நல்லா இருந்து, வாட்டர் வாஷ் பண்ணும்போது அதோட கனெக்டர்ல தண்ணி போயிருந்தாலும் அதே கோட்தான் வரும். எலி வயரைக் கடிச்சாலும் அதேதான். பேட்டரி இறங்கி வோல்டேஜ் குறைஞ்சாலும் சம்பந்தமில்லாத கோடுகள் வரலாம். சென்சார் மாத்துறதுக்கு முன்னாடி கனெக்டரைக் கழட்டி, துடைச்சு, திரும்ப மாட்டிப் பாருங்கன்னு நல்ல மெக்கானிக் சொல்றது அதனாலதான்.

இப்போ வர்ற பெரும்பாலான பைக்குகள்ல நிரந்தர காந்தம் இருக்குற ஆல்டர்னேட்டர், அதனால பல்பு எழுப்பி விட வேண்டிய அவசியம் இல்லை. தனி சார்ஜிங் விளக்கும் நிறைய வண்டிகள்ல இல்லை. அந்த வேலையை நாமதான் பண்ணணும். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். வண்டி ஓய்வா நிக்கும்போது பேட்டரி முனைகள்ல 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். இன்ஜினை நடு வேகத்துல ஓடவிட்டா 13.5-லிருந்து 14.5-க்குள்ள ஏறணும். ஏறினா சார்ஜிங் நல்லா இருக்கு, பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்க. ஏறலைன்னா பேட்டரி மாத்தி பிரயோஜனம் இல்லை, அந்தப் புது பேட்டரியும் காலியாகும்.

ஹட்சன் காலத்துல கேலி பண்ணினவங்க ஒரு விஷயத்துல தப்பு பண்ணிட்டாங்க. அந்த விளக்கைப் பார்க்குறவர் முட்டாளா இருக்கணும்னு எந்த அவசியமும் இல்லை. எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல அது நிக்குதுன்னு தெரிஞ்சா போதும். நாளைக்கு காலையில சாவி போடும்போது ஒரு நிமிஷம் நில்லுங்க. எந்தெந்த விளக்கு எரியுது, எது எப்போ அணையுதுன்னு ஒருதடவை பார்த்து வெச்சுக்கோங்க. வண்டி நல்லா இருக்கும்போது அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தான், ஒருநாள் மாறினா உங்களுக்குத் தெரியும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். பத்திரமா ஓட்டுங்க.